சேற்றுப்புழுவும் தாய் இறாலும்

எண்ணூர் கழிமுகத்தில் இறால் பாடு குறையும்போது அங்குள்ள மீனவர்கள் கைநீட்டிக் காட்டுவது அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் சுடுநீரையும்தான். அதற்கு நியாயம் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும் வடசென்னை அனல்மின் நிலையம் 1994இலும் இயங்கத் தொடங்கின. அவற்றின் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியில் படிந்து, ஆழமாக இருந்த இடங்களை மேடாக்கிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அலையாத்திச் செடிகளிலும் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக ஒட்டியதை நாடே பார்த்தது. ஆனால் இதே கரையில், கண்ணுக்குத் தெரியாத வேறொரு சரக்கும் பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. காசிமேட்டுத் துறைமுகத்தில் உயிரோடு இறங்கும் தாய் இறாலிலும், எண்ணூர், பழவேற்காடு சேற்றிலிருந்து தோண்டி எடுக்கப்படும் புழுவிலும், பொரிப்பகத்திலிருந்து லாரியில் போகும் குஞ்சிலும் இறாலைக் கொல்லும் வைரஸ்கள் பயணம் செய்ய முடியும். இறால் குஞ்சுகளின் வைரஸ் நோய் நீரோட்டத்தில் செல்லும் தூரத்தைவிட வியாபாரத்தின் வழியாகச் செல்லும் தூரம் மிக அதிகம். எனவே அதைத் தடுக்க வேண்டிய இடம் குளத்துக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் இறாலின் இளமைப் பருவத்தைப் பார்த்துவிடுவோம். நன்கு முதிர்ந்த வரி இறால் ஒன்று ஒரே இரவில் சில லட்சம் முட்டைகளை இடும். 12 முதல் 15 மணி நேரத்தில் அவை பொரிந்து நாப்ளியஸ் என்னும் முதல் லார்வா வெளிவரும். அது எதையும் தின்பதில்லை. உடலில் மிச்சமிருக்கும் மஞ்சட்கருவை வைத்தே ஏறக்குறைய இரண்டு நாள் ஓட்டுகிறது. அடுத்த பருவமான ஸோயியா நுண்பாசிகளை வடிகட்டித் தின்னும். அதற்கடுத்து மைசிஸ், பிறகு சிறிய இறாலைப் போலவே தோன்றும் பின்லார்வா. பண்ணைக்காரர்கள் பி.எல். என்று சொல்வது இதைத்தான். இயற்கையில் முட்டையிடல் கடலில் நடக்கிறது. பின்லார்வாக்கள் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வந்து சேற்றிலும் அலையாத்தி வேர்களிலும் வளர்ந்து மீண்டும் கடலுக்குப் போகின்றன. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இருளர் குடும்பங்கள் நீரில் தவழ்ந்து கையால் தடவிப் பிடிப்பது இப்படி உள்ளே வந்து வளர்ந்த இறாலைத்தான். கடலில் இந்தக் குஞ்சுகள் பல மைல் பரப்பில் சிதறி வாழ்கின்றன. பொரிப்பகத்திலோ ஒரு லிட்டர் நீரில் நூறு லார்வாக்கள்கூட நெருக்கியடித்து வளர்க்கப்படுகின்றன. ஒரு தாயின் வைரஸ் ஓரிரவில் லட்சக்கணக்கான உயிர்களைத் தொடும் வாய்ப்பை இந்த நெருக்கமே உண்டாக்குகிறது.

வரி இறாலில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட வைரஸ் மோனோடான் பாகுலோ வைரஸ். 1981இல் லைட்னரும் ரெட்மனும் அதை விவரித்தார்கள். தொண்ணூறுகளில் இந்தியக் கிழக்குக் கரையின் பொரிப்பகங்களிலும் அது பரவலாகக் காணப்பட்டது. பின்லார்வாவின் கல்லீரல்-கணையச் சுரப்பியை நசுக்கி, மாலகைட் பச்சைச் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த வைரஸின் உருண்டைப் பொதிவுகள் தெளிவாகத் தெரியும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இடநெருக்கடியும் அழுக்கு நீரும் இல்லாத தொட்டியில் இந்த நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நெருக்கம் கூடினால் குஞ்சுகள் வளராமல் மடியும். இது தாயின் கழிவிலிருந்து குஞ்சுக்குத் தொற்றுகிறது. ஆகவே முட்டைகளையும் நாப்ளியஸ்களையும் தாயின் தொட்டியிலிருந்து உடனே பிரித்து, சுத்தமான கடல்நீரிலும் அயோடின் அல்லது ஃபார்மலின் கரைசலிலும் கழுவினாலே தொற்று பெரிதும் அறுபடுகிறது. மருந்தே இல்லாத ஒரு நோயைக் கழுவுதல் என்ற எளிய வேலை கட்டுப்படுத்தியது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

வெள்ளை வால் நோயின் கதை இன்னும் கடுமையானது. தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானதும்கூட. ஸ்கேம்பி என்று வழங்கும் நன்னீர்ப் பெரிய இறால் ஆற்றில் வாழ்ந்தாலும் அதன் லார்வாவுக்கு உப்பு கலந்த நீர் கட்டாயம் வேண்டும். ஷாவ் வென் லிங் என்ற ஆய்வாளர் மலேசியாவில் அறுபதுகளின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்த பிறகே உலகெங்கும் அதன் பொரிப்பகங்கள் எழுந்தன. தொண்ணூறுகளில் கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் இந்தப் பின்லார்வாக்களின் வால் தசை பால்போல் வெளுத்து, சில நாட்களில் தொட்டி தொட்டியாகச் செத்தன. அடுத்த சில ஆண்டுகளில் நெல்லூர், சென்னைப் பகுதிப் பொரிப்பகங்களிலும் அதே காட்சி. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீதின் குழு இங்கே அதன் காரணியை உறுதிசெய்து, தொடர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தது. இதில் இரண்டு வைரஸ்கள் சேர்ந்து காணப்படுகின்றன. ஒன்று ஏறத்தாழ 27 நானோமீட்டர் அளவுள்ள நோடா வைரஸ். மற்றது 15 நானோமீட்டர் மட்டுமே உள்ள மிகச் சிறிய துணை வைரஸ். தொற்றிய பின்லார்வாத் தொட்டி ஒரு வாரத்துக்குள் முழுதும் அழிந்துபோகக்கூடும். ஆனால் அதே வைரஸ் செலுத்தப்பட்ட வளர்ந்த இறால் சாவதில்லை. வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் அதைச் சுமந்து, முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது. குஞ்சுகளுக்கு இரையாகப் போடும் ஆர்ட்டீமியாவும் இந்த வைரஸைச் சுமக்க முடியும் என்பதும் அந்தக் கல்லூரியின் சோதனைகளிலேயே தெரியவந்தது. ஒரு சிறு நகரக் கல்லூரியின் ஆய்வகம் உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் வேலையைச் செய்தது. இது தமிழ்நாட்டில் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளை வால் நோயில் குஞ்சு சாகிறது, தாய் பிழைக்கிறது. வெள்ளைப்புள்ளி நோயில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். 1992இல் தைவானிலும் சீனாவிலும் தலைகாட்டிய இந்த நோய் மறு ஆண்டே ஜப்பானுக்குப் போனது. அது கடலை நீந்திக் கடக்கவில்லை. சீனாவிலிருந்து வாங்கிய இறால் குஞ்சுகளோடு போய்ச் சேர்ந்தது. 1994இல் இந்தியக் கிழக்குக் கரையில் புகுந்து, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் வரி இறால் பண்ணைகளை அடுத்தடுத்துச் சாய்த்தது. குளத்தில் நோய் வெளிப்பட்டால் மூன்று முதல் பத்து நாளுக்குள் மொத்த இறாலும் போய்விடலாம். அப்படிப்பட்ட வைரஸை வரி இறாலின் லார்வாக்களுக்கும் இளம் பின்லார்வாக்களுக்கும் செலுத்திப் பார்த்த மேல்விஷாரம் ஆய்வாளர்கள், குறிப்பிடத்தக்க சாவு எதுவும் நிகழவில்லை என்று 2003இல் வெளியிட்டார்கள். பொரிப்பகக்காரரின் இடத்திலிருந்து இதை யோசிக்க வேண்டும். அவருடைய தொட்டியில் குஞ்சுகள் துள்ளி நீந்துகின்றன, இரை எடுக்கின்றன, குடலில் உணவு தெரிகிறது. அவர் நாணயமாகவே நல்ல குஞ்சு என்று விற்கிறார். வாங்குபவரும் நம்பி வாங்குகிறார். ஒன்றிரண்டு மாதம் கழித்து, குளத்தில் தீவனமும் மின்சாரமும் கொட்டிச் செலவழித்த பிறகு, ஒரு மழை நாளில் இறால் கரையோரம் ஒதுங்கத் தொடங்குகிறது. குஞ்சில் சாவே இல்லாததால்தான் நோய் அவ்வளவு தூரம் போக முடிகிறது. செத்த குஞ்சை யாரும் விலை கொடுத்து வாங்கி லாரியில் ஏற்றமாட்டார்கள்.

தாயிடமிருந்து குஞ்சுக்கு வைரஸ் எப்படிப் போகிறது? தைவானில் லோவும் அவருடைய சகாக்களும் 1997இல் தாயின் சூலகத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். வைரஸ் புகுந்த சூல் செல்கள் முதிர்வதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் உள்ளே வைரஸ் நிறைந்த முட்டை முழு லார்வாவாகும் வாய்ப்பு குறைவு. முட்டையைச் சூழ்ந்து வெளிவரும் திரவமும் திசுத்துகளும் தாயின் கழிவுமே பெரும்பாலும் வைரஸைக் கொண்டுவருகின்றன என்று கொள்வது பொருந்தும். முட்டையைக் கழுவும் பழக்கத்துக்கு இங்கும் பொருள் இருக்கிறது. அதே தைவானிலிருந்து 1999இல் வந்த இன்னொரு ஆய்வு, முட்டையிடுவதற்கு முன் சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்த தாய்களில் சில, முட்டையிட்ட பின் வைரஸ் காட்டுவதைப் பதிவுசெய்தது. முட்டையிடும் வேதனை, பதுங்கியிருக்கும் தொற்றைக் கிளப்பிவிடுகிறது. நம் பொரிப்பகங்களில் தாயைச் சீக்கிரம் முட்டையிட வைக்க அதன் ஒரு கண்காம்பை நீக்குவது வழக்கமாக இருந்தது. கடலில் இழுவலையில் சிக்கி, காசிமேட்டில் இறங்கி, ஆக்சிஜன் பையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் வரை போய், அங்கே கண்காம்பும் இழந்த ஓர் உயிரின் உடலில் எவ்வளவு எதிர்ப்பு மிஞ்சியிருக்கும்? அந்தத் தாய்க்கு ஒற்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுத்திருப்பார்கள். அதனால் முதல் சோதனையில் தப்பிய தாயை மறுபடி சோதிக்கவோ, சந்தேகமுள்ள முட்டைகளைக் கொட்டவோ மனம் வருவது கடினம். ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் தனியாக வைத்து, முட்டையிட்ட பிறகு தாயைச் சோதித்து, விடை வரும்வரை தொட்டிகளைக் கலக்காமல் இருப்பதே சான்றுகள் காட்டும் வழி.

எண்ணூர் சேறு இந்தக் கதைக்குள் வருவது தாயின் தீவனம் வழியாக. தாய் இறாலின் சூலகம் முதிர நல்ல கொழுப்பு அமிலங்கள் வேண்டும். பாலிகீட் எனப்படும் சேற்றுப்புழுவில், குறிப்பாக அரக்கிடோனிக் அமிலம் ஏராளம். ஆகவே பொரிப்பகங்கள் புழுவுக்கு நல்ல விலை தருகின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பகுதிகளில் சேற்றைக் கிளறிப் புழு எடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. தங்கள் இறாலுக்கும் நண்டுக்கும் இரையான புழுவை அள்ளுவதோடு, குஞ்சுகள் ஒதுங்கும் சேற்றையும் புரட்டிப்போடுகிறார்கள் என்று உள்ளூர் மீனவர்கள் நெடுநாளாக எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் எதிர்ப்பு வாழ்வாதாரம் பற்றியது. நோயறிவியலும் அதே பக்கம்தான் நிற்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபாவின் விஜயனும் சகாக்களும், இந்தக் கரையின் புழுக்களில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருப்பதையும், அத்தகைய புழுவைத் தின்ற தாய் இறாலுக்கு அது தொற்றுவதையும் 2005இல் காட்டினார்கள். புழுவுக்கு நோய் வருவதில்லை. சேற்றோடு விழுங்கிய வைரஸை அது சுமக்கிறது, அவ்வளவே. எவ்வளவு பணம் செலவழித்துச் சுத்தமான தாயைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் வாயில் உயிருள்ள புழுவைப் போட்ட நொடியில் அந்தத் தேர்வு வீணாகலாம். உறையவைத்தால் போதும் என்ற எண்ணமும் சரியல்ல. உறைந்த இறாலிலேயே இந்த வைரஸ் தொற்றும் தன்மையோடு இருப்பது தெரிந்த விஷயம்.

இவ்வளவு கேட்டபின் ஒரு வலுவான மறுப்பு எழும். கடலிலும் கழிமுகத்திலும் ஏற்கெனவே வைரஸ் இருக்கிறதே. நண்டும் காட்டு இறாலும் சுமக்கின்றனவே. குஞ்சை மட்டும் சோதித்து என்ன பயன்? முன்பாதி உண்மைதான். சிபாவின் ராஜேந்திரனும் சகாக்களும் 1999இல் பல வகை இறால், நண்டு, சிங்கி இறால்களுக்கு இந்த வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது, பச்சை நண்டு போன்றவை நோய்க்குறி இல்லாமலேயே அதை நெடுநாள் வைத்திருந்தன. ஆனால் இருப்பது வேறு, அழிக்கும் அளவுக்குப் பெருகுவது வேறு. பரந்த கழிமுகத்தில் ஒரு நண்டு சுமக்கும் வைரஸ் அடுத்த உயிரைச் சேர்வதற்குள் நீர்த்துப்போகும். அதே வைரஸ் ஒரு ஏக்கர் குளத்தின் பல்லாயிரம் இறால்களுக்கு நடுவே வந்தால், செத்ததை மற்றவை தின்று ஒரே வாரத்தில் குளம் முழுதும் பரவிவிடும். தாய்லாந்தில் 1999இல் வெளியான ஒப்பீடு இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்கிறது. வைரஸ் காட்டிய குஞ்சுகளை விட்ட குளங்களில் மிகப் பெரும்பாலானவை தோற்றன. வைரஸ் காட்டாத குஞ்சுகளை விட்ட குளங்களிலும் ஒரு கணிசமான பகுதி தோற்றது, ஆனால் அந்த அளவுக்கு அல்ல. சுத்தமான குஞ்சு வெற்றியை உறுதிசெய்யாது. அழுக்கான குஞ்சு தோல்வியை ஏறக்குறைய உறுதிசெய்கிறது. நண்டுக்கு வேலியும் நீருக்கு வடிகட்டியும் போட்டு மீதி வழிகளை அடைப்பது பண்ணைக்காரரின் பொறுப்பு. தாய் வழியாகவும் குஞ்சு வழியாகவும் உள்ளே வருவதை எந்த வேலியும் தடுக்காது.

பி.சி.ஆர். சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சோதனையின் பெயரை அறியாதவர் இல்லை. சோதனை நல்லது, சிக்கல் எத்தனை குஞ்சுகளை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒரு தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சுகளில் மட்டும் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 30 குஞ்சுகளை எடுத்துச் சோதித்தால், ஒரு தொற்றுக் குஞ்சுகூட மாதிரியில் அகப்படாமல் போகும் வாய்ப்பு பாதிக்கு மேல். 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 150 குஞ்சுகளாவது எடுக்க வேண்டும். ஒரு லட்சம் குஞ்சு வாங்கும் பண்ணைக்காரருக்கு நூற்றுக்கு இரண்டு என்பது 2,000 தொற்றுக் குஞ்சுகள். தாய்களின் எண்ணிக்கையோ சொற்பம். ஒவ்வொன்றையும் சோதிக்கலாம், முட்டையிட்ட பிறகு மறுபடியும் சோதிக்கலாம். லட்சத்தில் தேடுவதைவிட சில டஜனில் தேடுவது எளிது என்ற வெறும் கணக்கே, சோதனையைத் தாயிடம் கொண்டுபோகச் சொல்கிறது. தடுப்பூசி என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. இறாலின் உடலில் நம்மைப் போல் எதிர்ப்புப் புரதங்கள் உருவாவதில்லை. வைரஸின் உறைப் புரதத்தை ஊட்டிச் சோதித்தவற்றில் கிடைத்த பாதுகாப்பு சிறிது காலமே நின்றது.

வெனாமி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்கள் உண்டு. 2009இல் பசிபிக் வெள்ளை இறாலான வெனாமிக்கு அனுமதி கிடைத்தது. இறக்குமதியாகும் தாய்கள் முதலில் நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் தங்கிச் சோதனைக்குப் பிறகே பொரிப்பகத்துக்குப் போகின்றன. காட்டுத் தாயை நம்பியிருந்த தொழிலை அதிலிருந்து விடுவித்தது உண்மையிலேயே பெரிய மாற்றம். தாயிடத்தில் தடுத்தால் பலன் உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் குறிப்பிட்ட நோய்க்கிருமி அற்றது என்றால் நோயை எதிர்ப்பது என்று பொருளல்ல. பட்டியலிட்ட கிருமிகள் அதனிடம் இல்லை, அவ்வளவுதான். சுத்தமான வெனாமியை அழுக்கான குளத்தில் விட்டால் அதுவும் வெள்ளைப்புள்ளியில் சாகும், செத்தும் இருக்கிறது. தனிமைப்படுத்தலில் தேறிய தாய்க்குப் பொரிப்பகத்தில் கழிமுகத்துப் புழுவைக் கொடுத்தால் நீலாங்கரையில் செய்த வேலை அத்தனையும் கலைகிறது.

கடைசி மறுப்பு எண்ணூர்க்காரர்களிடமிருந்து வருவது, ஆகவே மிகுந்த கவனத்தோடு பதில் சொல்ல வேண்டியது. வைரஸைப் பேசினால் சாம்பலும் எண்ணெயும் தப்பித்துக்கொள்ளும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. மாசு இறாலைத் தானாகவே கொல்லும். கொல்லாத அளவிலும் நோய்க்கு எளிதில் இலக்காக்கும். நெருக்கமும் கெட்ட நீரும் பாகுலோ வைரஸைத் தூண்டுவதை முன்பே பார்த்தோம். ஆனால் இரண்டையும் குழப்பினால் இரண்டு பக்கமும் நஷ்டம். சுடுநீரை எடுத்துக்கொள்வோம். வெனாமியில் செய்த சோதனைகளில் நீரின் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸுக்கு ஏறியபோது வெள்ளைப்புள்ளிச் சாவு குறைந்தது. அனல்மின் நிலையச் சுடுநீர் நல்லது என்று இதற்குப் பொருளாகாது. லார்வாவுக்கும் மீனுக்கும் அந்த வெப்பம் வேறு வகையில் கேடு. ஆனால் சுடுநீரே இந்த வைரஸ் நோயை உண்டாக்கியது என்று ஒரு வழக்கில் வாதாடினால் எதிர்த்தரப்பு இந்தச் சோதனையை எடுத்துக் காட்டி, உண்மையான மாசுக் குற்றச்சாட்டையும் சேர்த்தே தள்ளுபடி செய்யப் பார்க்கும். கழிமுகத்தில் இறால் மிதக்கும்போது நீரையும் சேற்றையும் சோதிப்பதோடு, சில இறால்களை எடுத்து வைரஸுக்கும் சோதித்தால், வைரஸ் இல்லை என்ற விடையே மாசுக்கு எதிரான மிக வலுவான சான்றாக நிற்கும். மீனவர்களுக்கு அந்தச் சான்று கிடைக்க வேண்டும்.

புழு எடுப்பதைத் தடுத்தால் அதை நம்பிப் பிழைக்கும் ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. சேற்றில் இடுப்பளவு நிற்பவரைத் துரத்துவது தீர்வாகாது. வாங்குவோர் இருக்கும்வரை இரவில் தோண்டுவார்கள். பொறுப்பு வாங்கும் பொரிப்பகத்துக்கு உரியது. தொட்டியில் வளர்த்துச் சோதித்த புழுவை மட்டுமே தாய்க்குத் தரலாம் என்று உரிமத்தில் எழுதினால், கழிமுகத்துப் புழுவுக்கு விலை தானே விழும். புழு வளர்ப்புத் தொட்டிகளில் வேலை பெற முதல் உரிமை சேற்றைத் தெரிந்த இவர்களுக்கே. பொரிப்பகங்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. அதன் அலுவலகமும் சென்னையிலேயே. இதில் இப்போது கூடுதல் அவசரமும் இருக்கிறது. வெனாமியை மட்டும் நம்பியிராமல், நம் கடலுக்கே உரிய வெள்ளை இறாலைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் மரபுவழி மேம்பாட்டுத் திட்டத்தை சிபா 2022இல் தொடங்கியது. எண்ணூர் முகத்துவாரத்தில் குஞ்சாக உள்ளே வந்து, இருளர் கைகளில் சிக்குவதும் இதே இனம்தான். பண்ணை இறாலும் காட்டு இறாலும் ஓரினமாக இருக்கும்போது, பண்ணையிலிருந்து வெளியேறும் நீரில் உள்ள வைரஸ் கழிமுகத்துக் குஞ்சுக்கும், கழிமுகத்துப் புழுவில் உள்ள வைரஸ் பண்ணைத் தாய்க்கும் எந்தத் தடையுமின்றிப் பொருந்தும். பொரிப்பகக் கழிவுநீரைக் குளோரின் இட்டுக் கிருமி நீக்கி வெளியே விடுவதும், எண்ணூர், பழவேற்காடு வெள்ளை இறாலைப் பருவந்தோறும் வைரஸுக்குச் சோதித்துப் பதிவுசெய்வதும் இந்தத் திட்டத்தின் பகுதியாகவே செய்யப்பட வேண்டிய வேலைகள். சிபாவின் ஆய்வகம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. காசிமேட்டில் காலையில் எடுத்த மாதிரி அன்றே அங்கே போய்ச் சேர முடியும்.